திருடன் ரிசீவரை எடுத்து வைத்துவிட்டால்?

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை



திருட்டு அலாரம் செய்வது நமக்கொன்றும் புதிதல்ல. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு ரீட் சுவிட்ச், ஒரு ரிலே, ஒரு சைரன். பிராஜெக்ட் முடிந்தது! ஆனால் பூட்டிய வீட்டில் சைரன் மட்டும் கத்தி என்ன பயன்? அக்கம்பக்கத்தார் ஏதோ கார் கத்துகிறது என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அதனால்தான் அலாரத்தோடு ஆட்டோ டயலரையும் சேர்க்கிறோம். அலாரம் அடித்ததும் அது டெலிபோன் லைனில் நாம் பதிந்து வைத்த எண்ணைக் கூப்பிட்டுச் செய்தி சொல்லும்.

இதை டெலிபோன் சாக்கெட்டில் எப்படி இணைப்பது? இங்கேதான் நான் சறுக்கினேன்.

நான் செய்த தவறு

தெரிந்தவர் வீட்டில் டயலரைப் பொருத்தப் போனேன். இரண்டு வயர்தானே என்று போனுக்குப் பேரலலாகவே கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு எண்ணைப் பதிந்துவிட்டு, சோதித்துப் பார்க்கக் கதவைத் திறந்தேன். சைரன் அலறியது. பக்கத்து வீட்டில் மணி அடிக்கவே இல்லை! காரணம், அந்த வீட்டம்மா மாடியிலிருந்த போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். டயலர் அடித்த எண்களெல்லாம் அவர் காதில்தான் 'பீப் பீப்' என்று விழுந்தன. வீட்டுக்காரர் கேட்டார்: "ஏம்ப்பா, நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் திருடன் திண்ணையில உக்காந்திருப்பானா?" எனக்குப் பதில் வரவில்லை.

லைனில் நடப்பது என்ன?

ரிசீவர் வைத்திருக்கும்போது லைனில் சுமார் 48 வோல்ட் டி.சி. இருக்கும். ரிசீவரை எடுத்தால் லூப் மூடி, கரண்ட் ஓடும்; வோல்டேஜ் 10 வோல்ட் அளவுக்கு இறங்கும். அதைக் கண்டுதான் எக்ஸ்சேஞ்ச் டயல் டோன் தருகிறது. ஒரு போன் ஏற்கெனவே லைனைப் பிடித்திருந்தால், பேரலலாக உள்ள டயலருக்குப் புதிதாக டயல் டோன் கிடைக்காது. அப்படியானால் திருடனுக்கு வயரை வெட்டும் வேலைகூட இல்லை. ஹாலில் உள்ள ரிசீவரைக் கழற்றிக் கீழே வைத்தால் போதும்!

பந்தியில் முதல் இலை யாருக்கு?

இதற்கு வழி வரிசையை மாற்றுவதுதான். வெளியிலிருந்து வரும் லைன் முதலில் அலாரத்துக்கு வர வேண்டும். அதைத் தாண்டித்தான் வீட்டுப் போன்களுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு டி.பி.டி.டி. ரிலே.

1. உள்ளே வரும் லைனின் இரண்டு வயர்களையும் ரிலேயின் இரண்டு காமன் முனைகளில் கொடுக்கவும்.

2. என்.சி. முனைகள் இரண்டையும் வீட்டிலுள்ள எல்லா போன்களுக்கும் கொண்டுபோகவும். ஒரு எக்ஸ்டென்ஷன்கூட ரிலேக்கு முன்னால் இருக்கக் கூடாது.

3. என்.ஓ. முனைகளில் டயலரை இணைக்கவும்.

அலாரம் அடித்தால் ரிலே இழுக்கும். போன்கள் அறுபடும், லைன் முழுதும் டயலருக்கு வரும். ஆனால் டயலர் உடனே எண் அடிக்கக் கூடாது. பழைய பேச்சு துண்டிக்கப்படச் சில விநாடி விட்டு, டயல் டோன் வந்த பிறகே அடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் திரும்பவும் முயல வேண்டும்.

போன்களை ஏன் என்.சி.யில் போட வேண்டும்? பேனல் செத்துப்போனாலும் ரிலே விட்ட நிலையில் இருக்கும். போன் வழக்கம்போல் பேசும். அமெரிக்காவில் இந்த இணைப்புக்கென்றே ஆர்.ஜே.31எக்ஸ் என்ற 8 முனை சாக்கெட் உண்டு. அலாரத்தின் பிளக்கைப் பிடுங்கினால் உள்ளே இருக்கும் ஷார்ட்டிங் பட்டைகள் லைனை நேரே போன்களுக்குச் சேர்த்துவிடும். யோசனை ஒன்றேதான்.

கவனம் தேவை

மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் அளவுக்கு ஏ.சி. வரும். வெறும் வயரைப் பிடித்திருந்தால் நன்றாகவே உதறும்! உள்ளே வரும் லைனைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். மெயின்ஸ் கரண்ட்டோ எர்த்தோ போன் லைனைத் தொடவே கூடாது. வெளிப்பக்க வயரிங் டெலிபோன் நிறுவனத்துடையது; அதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. அதே லைனில் பிராட்பேண்டும் வந்தால் ஸ்ப்ளிட்டரை ரிலேக்கு முன்னால் போட்டு, அதன் போன் முனையிலிருந்து லைன் எடுங்கள்.

வயரை வெளியிலேயே வெட்டிவிட்டால்? அப்போது 48 வோல்ட் பூஜ்யமாகிவிடும். அதைக் கவனித்துச் சைரனை அடிக்கிற சர்க்யூட்டையும் சேர்ப்பது நல்லது.

இன்று பல வீடுகளில் செப்புக் கம்பிக்குப் பதில் ஃபைபர் வந்துவிட்டது. அதன் பெட்டியிலுள்ள போன் முனையிலும் இதே ரிலே இணைப்புதான். ஆனால் செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியே கரண்ட் தந்தது. ஃபைபர் பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட்தான். திருடன் மெயினை இறக்கினால் போனும் போச்சு! ஆகவே பேனலுக்குப் போலவே அந்தப் பெட்டிக்கும் பேட்டரி வையுங்கள். முடிந்தால் சிம் கார்டு போட்ட டயலரை இரண்டாவது வழியாகச் சேருங்கள்.

அந்த வீட்டுக்கு மறுபடியும் போய் ரிலேயை மாட்டினேன். இந்த முறை நானே எல்லா ரிசீவர்களையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டில் மணி அடித்தது. நீங்களும் அலாரம் மாட்டினால், திருடன் செய்யக்கூடியதை எல்லாம் ஒருமுறை நீங்களே செய்து பார்த்துவிட்டுத்தான் கூலியை வாங்குங்கள்!