சிறுநீரகப் புற்றுநோயும் குருதியின் சாட்சியமும்

சிறுநீரகப் புற்றுநோய் எவ்வாறு செல்லும் என்பதை முன்னறிய உதவும் உடற்குறிகளை உயிரியற் சுட்டிகள் என்பர். இவை சமூகச் சார்பற்ற எண்கள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. அக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

கட்டியின் பருமனும் பரவலுமே முதன்மையான குறிகள். 1982 இல் ஃபூர்மன் முதலியோர் கலக்கருவின் பருமன், வடிவம் ஆகியன கொண்டு கட்டியை நான்கு தரங்களாக வகுத்தனர். நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியவிடத்துக் குருதியின் சாட்சியமும் வேண்டப்படுகின்றது. 2009 இல் டானியல் ஹெங் முதலியோர் அமெரிக்க, கனடிய நோயாளர் 645 பேரை ஆராய்ந்து ஆறு குறிகளைத் தெரிந்தனர். ஈமோகுளோபின் குறைதல், கல்சியம் மிகுதல், நியூத்திரோபில் எனும் வெண்கலங்கள் மிகுதல், குருதிச் சிறுதட்டுகள் மிகுதல் என நான்கு குருதிக்குரியன. அன்றாட அலுவல் செய்யும் ஆற்றல் குன்றுதலும், நோய் அறியப்பட்ட ஓராண்டுக்குள் மருந்துச் சிகிச்சை தேவைப்படுதலும் ஏனைய இரண்டு. குறி ஏதும் இல்லாதோர் நற்குழுவினர். ஒன்றோ இரண்டோ உடையோர் இடைக்குழுவினர். மூன்றும் அதற்கு மேலும் உடையோர் இடர்க்குழுவினர். அவ்வாய்வில் இடைக்குழுவினருட் பாதிப்பேர் 27 மாதங்களுக்கு மேலும், இடர்க்குழுவினருட் பாதிப்பேர் ஏறத்தாழ 9 மாதங்களுக்கு மேலும் வாழ்ந்தனர்.

ஈமோகுளோபின் குறைவது ஏன்? கட்டியால் எழும் அழற்சி, ஈரலை ஹெப்சிடின் எனும் பதார்த்தத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றது. அது இரும்புச்சத்தை உடலின் களஞ்சியங்களிலேயே தடுத்து வைக்கின்றது.

இனி, பாசிக்குடாவின் உல்லாச விடுதிகளுக்கு அப்பால் வாழும் மீனவப் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்ப்போம். போதிய உணவின்மையாலும் அடுத்தடுத்த மகப்பேற்றாலும் அவள் ஈமோகுளோபின் முன்னரே குறைந்திருத்தல் கூடும். அளவுகோலோ அளவை மட்டுமே கேட்கின்றது, காரணத்தைக் கேட்பதில்லை. நோய் முற்றிய பின்னரே அவள் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையை அடைவாளாயின், உடனே மருந்து தேவைப்படும்; இரண்டாவது குறியும் சேரும். மேலும் ஒன்று தோன்றின் அவள் இடர்க்குழுவினள். மருந்துத் தெரிவும் இக்குழுவையே பெரிதும் சார்ந்துள்ளது.

ஆயின் சுட்டிகளைப் புறக்கணித்தல் தீர்வாகாது. இரும்புச்சத்துக் குறைவில் குருதியின் ஃபெரிட்டின் தாழும், அழற்சியில் உயரும். இரண்டும் ஒருங்கே உள்ளவிடத்து அது மயக்கந் தருமாதலின், ஏனைய இரும்புச்சத்துச் சோதனைகளும் வேண்டும். வறுமை விளைத்த சோகையையும் கட்டி விளைத்த சோகையையும் வேறுபடுத்தும் வழி விஞ்ஞானத்துள்ளேயே உண்டு. அதனைக் கிராமத்தவர்க்கும் கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமையாகும்.