இணையதளங்களில் பொது நிரல் நூலகங்கள்: சரிபார்ப்பின் தேவை

ஒரு பண்டத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே உற்பத்தி செய்வதைவிட, ஓரிடத்தில் பெருமளவில் உற்பத்தி செய்து பலரும் பகிர்ந்துகொள்வது சிக்கனமானது என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். இணையதளங்களை அமைப்போரும் இந்நெறியையே பின்பற்றி வந்துள்ளனர். படிவம், நாட்காட்டி, அட்டவணை முதலியவற்றை இயக்கும் நிரல்களை ஒவ்வொரு தளமும் புதிதாக எழுதுவதில்லை. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேக்வெரி போன்ற நிரல் நூலகங்கள் பொது வழங்கிகளில் வைக்கப்பட்டுள்ளன. ஒருவர் தளத்தைத் திறக்கும்போது, அவரது உலாவி அந்த வழங்கியிலிருந்து நிரலை வரவழைத்து இயக்குகிறது.

இவ்வாறு வெளியிலிருந்து வரும் நிரலுக்கு, தளத்தின் சொந்த நிரலுக்குள்ள அதிகாரம் முழுவதும் கிடைத்துவிடுகிறது. படிவத்தில் எழுதப்படும் கடவுச்சொல்லையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அதனால் படிக்க இயலும். எனவே, பொது வழங்கியிலுள்ள ஒரு கோப்பு களங்கப்பட்டால், அதை நம்பியுள்ள தளங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் களங்கப்படுகின்றன.

இது வெறும் ஊகமன்று. பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டும் பிரவுசலவுட் என்னும் நிரலில் 2018 பிப்ரவரி 11ஆம் நாள் அந்நியர் சில வரிகளைச் சேர்த்தனர். அதனைப் பயன்படுத்திய 4,000க்கும் மேற்பட்ட தளங்களுக்கு வந்தோரின் கணிப்பொறிகள், அவர்கள் அறியாமலே மறையீட்டு நாணயம் ஈட்டும் பணியில் ஈடுபடுத்தப்பட்டன. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத் தளமும் அமெரிக்க நீதிமன்றங்களின் தளமும் இவற்றுள் அடங்கும்.

இதனைத் தடுக்கும் முறை எளியது. கருவூலத்தில் காசோலை வந்தவுடன், முன்னரே பதிவிலுள்ள மாதிரிக் கையொப்பத்துடன் ஒப்பிட்ட பின்னரே பணம் வழங்கப்படுகிறது. உலகளாவிய வலை அமைப்பு 2016 ஜூன் மாதத்தில் பரிந்துரைத்த தரமும் இத்தகையதே. ஒரு கோப்பு முழுவதையும் கணித்து, ஹாஷ் எனப்படும் சுருக்கக் குறி பெறப்படுகிறது. எஸ்.எச்.ஏ.-384 முறையில் அது 64 எழுத்துகளாக எழுதப்படும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும். தளத்தார் இக்குறியைத் தம் பக்கத்திலேயே பதிந்து வைக்கின்றனர். உலாவி, வந்த கோப்பின் குறியைக் கணித்து ஒப்பிடுகிறது; பொருந்தாவிடில் இயக்க மறுக்கிறது. இதற்குத் தனிக் கருவியோ உரிமக் கட்டணமோ தேவையில்லை.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. களங்கப்பட்ட கோப்புக்கே முதலில் குறி பெற்றிருப்பின், சரிபார்ப்பு அதற்கே சான்றளிக்கும். தளத்தின் சொந்தப் பக்கமே திருத்தப்பட்டால் குறியையும் மாற்றிவிடலாம். மேலும், மாறாத கோப்புக்கே மாறாத குறி இருக்க முடியும். பாலிஃபில்.ஐஓ சேவை, கேட்கும் உலாவிக்கேற்ப வெவ்வேறு கோப்பை வழங்கியது. ஆகவே அதற்கு ஒரே குறி பொருந்தாது. அதன் தளப்பெயர் 2024 பிப்ரவரியில் கைமாறியது. 1,00,000க்கும் மேற்பட்ட தளங்கள் பயன்படுத்திய அச்சேவையின் வழியே தீங்கான நிரல் பரவியது அவ்வாண்டு ஜூனில் வெளிப்பட்டது. இத்தகைய கோப்புகளைச் சொந்த வழங்கியிலேயே வைத்துக்கொள்வதுதான் தக்க வழி.

பகிர்வினால் கிடைத்த சிக்கனமும் இன்று குறைந்துவிட்டது. ஒரு தளத்திற்காகப் பெற்ற கோப்பை உலாவி சேமித்து வைத்து, மற்றொரு தளத்திற்கும் பயன்படுத்தியது முன்னைய நிலை. 2020 அக்டோபரில் வெளிவந்த குரோம் 86 முதல் அச்சேமிப்பு தளவாரியாகப் பிரிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் பயர்பாக்ஸும் அவ்வாறே செய்தது. ஆதாயம் சுருங்கிய பின்னரும் அபாயம் அப்படியே நிற்கிறது.

நம் நாட்டில் இணையப் பாதுகாப்பு மீறல்களை 6 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரல் 28ஆம் நாளிட்ட ஆணை விதிக்கிறது. அறிவிப்பது சேதத்திற்குப் பிந்திய செயல். சரிபார்ப்பு சேதத்தைத் தவிர்ப்பது. ஒரு கடையின் மீது நம்பிக்கை இழந்தவர் அடுத்த கடைக்குச் செல்லலாம். ஓய்வூதியம் கோருபவருக்கும் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கும் மாற்று அரசுத் தளம் இல்லை. ஆதலின், எந்தெந்த வெளி நிரல்களை நம்பியுள்ளோம் என்னும் பட்டியலை ஒவ்வொரு துறையும் தயாரித்தல் வேண்டும். தேவையற்றவற்றை நீக்கி, இயன்றவற்றைத் தம்மிடமே வைத்து, எஞ்சியவற்றுக்குக் குறி பதித்தல் வேண்டும். தளம் அமைக்கும் ஒப்பந்தங்களிலேயே இதனை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது, செலவின்றிப் பெறும் பாதுகாப்பாகும்.