குறைந்த துண்டுகளில் மீண்ட லெகோ

ஒரு நிறுவனம் தயாரிக்கும் பொருள்களின் வகை பெருகும்போது விற்பனையும் பெருகும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதுதான் என்றாலும், அந்த வகைப்பெருக்கத்தால் விளையும் செலவு கணக்கேட்டில் எந்த ஒரு பொருளின் பெயரிலும் எழுதப்படாமல், கிடங்கு, போக்குவரத்து, இயந்திர நிறுத்தம் எனப் பல தலைப்புகளில் சிதறிவிடுவதால், அது நெடுங்காலம் எவர் கண்ணிலும் படுவதில்லை. மேலாண்மைத் துறையினர் இதனைச் சிக்கலின் மறைசெலவு என்பர். இச்செலவு ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தை எந்த அளவுக்குக் கொண்டுசென்றது என்பதற்கு டென்மார்க்கின் லெகோ பொம்மை நிறுவனம் தெளிவான சான்று.

பிலுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் தொடங்கிய இந்நிறுவனம், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரியது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம் என்று கணிதவியலாளர்கள் கணக்கிட்டுள்ளனர். குழந்தைக்குக் கிடைக்கும் இந்த எல்லையற்ற பன்மைக்குத் தொழிற்சாலை தர வேண்டிய விலை ஒரே ஓர் அச்சுதான் என்பதே லெகோவின் உண்மையான மூலதனம்.

1990-களின் இறுதியில் இந்த மூலதனத்தை நிறுவனமே மறந்தது. கணினி விளையாட்டுகளின் போட்டிக்கு அஞ்சிப் பொழுதுபோக்குப் பூங்கா, ஆடை, தொலைக்காட்சித் தொடர் எனக் கால் பரப்பியதோடு, வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு புதிய தொகுப்புக்கும் புதிய துண்டுகளை உருவாக்க அனுமதித்ததால், பாக வகைகளின் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. நிறங்களும் நூற்றுக்கு மேல் பெருகின. ஒரே மாவில் பலவிதத் தோசை வார்த்துவந்த உணவகம் ஒவ்வொரு தோசைக்கும் தனி மாவு அரைக்கத் தொடங்கிய கதைதான் இது.

புதிய துண்டு ஒன்று ஆலைக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. துண்டுகள் பிசிறின்றிப் பொருந்த வேண்டுமென்பதால் மிக நுண்ணிய அளவுத்துல்லியத்துடன் எஃகு அச்சு கடையப்பட வேண்டும். அதற்கான பெருஞ்செலவு, கோடிக்கணக்கில் வார்க்கப்படும் சாதாரணக் கட்டையில் கரைந்துபோகும், ஒரே தொகுப்பில் மட்டும் பயன்படும் துண்டிலோ அப்படியே தங்கிவிடும். அச்சையும் நிறத்தையும் மாற்றும் ஒவ்வொரு முறையும் வார்ப்பு இயந்திரம் நிறுத்தப்படும். போதாக்குறைக்கு, ஒரே ஒரு துண்டு கையிருப்பில் இல்லையென்றாலும் மற்றவை அனைத்தும் தயாராக உள்ள பெட்டியை மூட முடியாது. இத்தனைக்கும், கடற்கொள்ளையன் பொம்மையின் கால் எத்தனை வகையில் வருகிறது என்று பெட்டி வாங்கும் பெற்றோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

2004-இல் சுமார் 190 கோடி டேனிஷ் குரோனர் இழப்பைச் சந்தித்த நிலையில், யோர்கன் விக் க்னூட்ஸ்டோர்ப் தமது 35-ஆம் வயதில் தலைமைப் பொறுப்பேற்றார். நிறுவனரின் குடும்பத்தைச் சேராத முதல் தலைமை நிர்வாகி அவர். பூங்காக்களின் பெரும்பங்கு 2005-இல் விற்கப்பட்டது. பாக வகைகள் சுமார் 7,000-ஆகவும், நிறங்கள் ஏறத்தாழப் பாதியாகவும் குறைக்கப்பட்டன. இவற்றைவிட முக்கியமானது, ஒவ்வொரு துண்டின் செலவும் வடிவமைப்பாளரின் கண்முன் வைக்கப்பட்டது. புதிய துண்டு கேட்கக் கூடாது என்று தடை விதிக்காமல், அதற்காகும் செலவை எடுத்துக்காட்டி, இருக்கும் துண்டுகளைக் கொண்டே புதுமை செய்யத் தூண்டியது அந்த ஏற்பாடு. கற்பனை வறண்டுவிடும் என்று அஞ்சியோர் இருந்தனர், நடந்ததோ வேறு. நிறுவனம் 2005-இலேயே இலாபத்துக்குத் திரும்பியது.

எளிமையாக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது என்று கொள்வோர் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. உற்பத்தியின் சுமையையே வெளியே தள்ளிவிடலாம் என்று கருதி, 2006-இல் பெரும்பகுதித் தயாரிப்பை ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒப்பந்த உற்பத்தி நிறுவனத்திடம் லெகோ ஒப்படைத்தது. மின்னணுப் பொருள்களைப் பெருமளவில் செய்து பழகிய அந்நிறுவனத்தின் முறையும், ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் திடீரென உயர்ந்து பின் சரியும் பொம்மைத் தேவையும் ஒத்துப்போகவில்லை. துண்டுகளின் துல்லியம் என்பது வாடிக்கையாளர் விரும்பிக் காசு கொடுக்கும் சிக்கலாகும். அதனைப் பிறர் கையில் கொடுத்தால் சிக்கல் குறைவதில்லை, மேற்பார்வைச் செலவாக உருமாறுகிறது. 2008-இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள முடிவெடுத்த லெகோ, ஹங்கேரியிலும் மெக்ஸிகோவிலும் வார்ப்புப் பணியை மீண்டும் தன் பொறுப்பிலேயே எடுத்துக்கொண்டது.