ஆறரை மீட்டர் இடைவெளி

காலை ஒன்பது மணி, திருவனந்தபுரத்தின் கழக்கூட்டம். முன்னால் போன பஸ் லேசாகத்தான் பிரேக் அடித்தது. பின்னால் வந்த கார் சற்று அழுத்தி மிதித்தது, ஆட்டோ இன்னும் பலமாக. எட்டாவதாக வந்த என் ஸ்கூட்டர் அப்படியே நின்றுவிட்டது.

தானோட்டி வண்டிகளை வரிசையாக ஓட்டுவதிலும் பிரேக் இப்படிப் பின்னால் பெருகுவதுதான் சிக்கல். 1997இல் அமெரிக்காவின் சான் டியாகோ நெடுஞ்சாலையில் எட்டு பியூக் கார்கள் ஆறரை மீட்டர் இடைவெளியில் தாமாகவே ஓடின. ரேடார் முன்வண்டியை மட்டுமே பார்க்கும். ஆனால் தலைவண்டியின் வேக மாற்றத்தை ரேடியோ எல்லாருக்கும் உடனுக்குடன் சொன்னது. அதனால் சின்ன பிரேக் பின்னால் போகப் போகப் பெருகவில்லை.

இதே உத்தி இங்கேயும் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். நடப்பவர்கள் முன்னால் போகிறவரின் காலையா பார்க்கிறார்கள்? முரசைக் கேட்கிறார்கள். நம் பஸ்களுக்கும் அப்படியொரு முரசு வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.