சான்றாக நின்ற ஒளிப்படங்கள்

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் யெல்லோஸ்டோன் என்னும் மலைநாடு உள்ளது. நிலத்தின் அடியில் உள்ள வெப்பத்தால் அங்கு நீர் கொதித்து, வெந்நீரூற்றாகவும் வானோக்கிப் பாயும் பீச்சூற்றாகவும் வெளிப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்று திரும்பிய வேட்டைக்காரர்கள் இக்காட்சிகளை விவரித்தனர். பலரும் அவற்றைக் கட்டுக்கதை என்றே தள்ளினர். சொல்லுக்குச் சான்று தேவைப்பட்டது.

1871-ஆம் ஆண்டு, நிலவியல் அறிஞர் ஃபெர்டினாண்ட் ஹேடன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அங்குச் சென்றது. அக்குழுவில் ஒளிப்படக் கலைஞர் வில்லியம் ஹென்றி ஜாக்சனும் ஓவியர் தாமஸ் மோரனும் இடம்பெற்றனர்.

அக்காலத்தில் படம் எடுப்பது எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். அத்தகடு உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் உருத்துலக்க வேண்டும். ஆகவே கேமரா, கண்ணாடித் தகடுகள், வேதிப்பொருள்கள், கூடாரம் ஆகிய அனைத்தையும் கோவேறு கழுதைகள் மலைமீது சுமந்து சென்றன. தகடு உடைந்தால் உழைப்பு வீணாகும். ஓரிடத்தில் இயற்கையே ஜாக்சனுக்கு உதவியது. மாமத் வெந்நீரூற்றுகளின் சூடான நீரில் கழுவிய தகடுகள் விரைவில் உலர்ந்தன.

ஒளிப்படங்கள் கருப்பு வெள்ளையில் அமைந்தன. ஊற்றுகளின் நிறங்களை மோரனின் ஓவியங்கள் காட்டின. இவை அமெரிக்கப் பேரவை உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஹேடனின் அறிக்கையோடு சேர்ந்து அவர்களுடைய ஐயத்தைப் போக்கின. 1872 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் யுலிசீஸ் கிராண்ட் கையொப்பமிட்ட சட்டத்தால், எவரும் குடியேறவோ வாங்கவோ இயலாதபடி அந்நிலம் பொதுப் பூங்கா ஆயிற்று.

ஆயினும் ஒளிப்படம் முழு உண்மையையும் சொல்லிவிடுவதில்லை. ஷோஷோனி முதலிய பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அங்கு வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தனர். ஊற்றுகளைக் காட்டிய படங்களிலோ அந்நிலம் எவருக்கும் உரியதன்று என்பதுபோலத் தோன்றியது. பின்னர் அம்மக்கள் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஒரு படத்தைக் காணும்போது, அதில் உள்ளதை மட்டுமன்றி இல்லாததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
பீச்சூற்று – விசையுடன் மேலெழும் ஊற்று
உருத்துலக்குதல் – தகட்டில் பதிந்த உருவத்தைத் தெரியச் செய்தல்
ஐயம் – சந்தேகம்

வினாக்கள்
1. வேட்டைக்காரர்களின் சொற்களைப் பலர் நம்பாதது ஏன்?
2. ஜாக்சன் இருட்டுக் கூடாரத்தையும் உடன் கொண்டு சென்றது ஏன்?
3. உம் வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றில் இடம்பெறாதவர் யார்? ஐந்து வரிகளில் எழுதுக.