நாலு மணி நேர ஆட்டம் ஐந்தரை மணி ஆவது ஏன்?

கோல்ப் மைதானத்தில் யார் அவசரம், யார் பொறுமை?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பெங்களூரில் ஒரு கோல்ப் மைதானம். ஒரு குறுகிய குழிக்கு முன்னால் மூன்று கோஷ்டிகள் காத்து நிற்கின்றன. கோஷ்டிக்கு நாலு பேர் வீதம் பன்னிரண்டு ஆட்டக்காரர்கள். அவர்களுடைய பைகளைச் சுமக்கப் பன்னிரண்டு பேர். ஆட்டக்காரர்களில் ஒருவர் பெஞ்சில் சாய்ந்து பத்திரிகை படிக்கிறார். இன்னொருவர் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றுகிறார். பை சுமப்பவர்கள் மட்டும் அடிக்கடி சூரியனை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

அவர்கள் ஏன் சூரியனைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் இந்த விஷயமே இருக்கிறது.

கோல்ப் என்றதும் 'அது பெரிய இடத்து விளையாட்டு, நமக்கென்ன?' என்று பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பெங்களூரில் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஹை கிரவுண்ட்சில் உள்ள பெங்களூர் கோல்ப் கிளப் 1876-ல் தொடங்கியது. பழைய விமான நிலையம் பக்கம் சல்லகட்டாவில் கர்நாடக கோல்ப் சங்கத்தின் மைதானம் இருக்கிறது. அதை ஒட்டி எழுந்த அலுவலகக் கட்டிடங்களுக்கே 'கோல்ப் லிங்க்ஸ்' என்று பெயர் வந்துவிட்டது. அங்கே வேலைக்குப் போகிற நம்மவர்கள் மதில் தாண்டித் தெரியும் பச்சைப் புல்லைத் தினமும் பார்க்கிறார்கள். அந்தப் புல்லை வெட்டுகிறவர், பை சுமக்கிறவர், கேன்டீனில் தட்டு கழுவுகிறவர், வெளியே காரில் காத்திருக்கும் டிரைவர் என்று ஓர் ஆட்டத்தை நம்பிப் பல வீடுகளில் உலை ஏறுகிறது. அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

பை சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். போலீஸ் ரிஜிஸ்தரில் பெயர் ஏறிய கேடி அல்ல. இவர் உழைத்துப் பிழைக்கிறவர். ஓர் ஆட்டக்காரர் விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பந்து, குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பை பத்துக் கிலோவைத் தாண்டும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். பந்து விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த மட்டையை எடுப்பது என்று கேட்டால் யோசனையும் சொல்ல வேண்டும்.

பதினைந்து விநாடியின் விலை

கோல்ப் ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது 18 குழிகள். ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 1764-ல் 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்கள். பிறகு உலகம் முழுவதும் அந்தக் கணக்கே நிலைத்தது. நாலு பேர் சேர்ந்து ஆடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. செயின்ட் ஆண்ட்ரூசின் பழைய மைதானத்தில் அதை இன்னும் கறாராக 3 மணி 57 நிமிடம் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த நாலு மணி ஐந்தரை மணியாக நீள்வது எப்படி? யாரும் நொண்டி நடப்பதில்லை. எட்டுக் கிலோமீட்டரைச் சாதாரண நடையில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஐந்தரை மணி ஆட்டத்திலும் நடை அதேதான். கூடுவதெல்லாம் நிற்கிற நேரம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொழுதுபோக்காக ஆடும் ஒருவர் ஒரு சுற்றில் 90 அடி அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 360 அடி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் 15 விநாடி கூடுதலாக யோசித்தால் 5,400 விநாடி. அதாவது ஒன்றரை மணி நேரம்! கையுறையைக் கழற்றி மாட்டுவது, காற்றில் இரண்டு முறை வீசிப் பார்ப்பது, புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்றின் திசை அறிவது - பதினைந்து விநாடி போனதே தெரியாது.

ஒரே கவுண்டர் உள்ள குழி

இரண்டாவது காரணம் வரிசை. ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பத்துப் பேர் நிற்கும் வரிசையில் முதல் ஆள் சில்லறைக்குச் சட்டைப் பையைத் துழாவினால், பத்தாவது ஆளின் வண்டி போய்விடும்.

நீளமான குழிகளில் ஒரு கோஷ்டி முன்னே போகப் போக, அடுத்த கோஷ்டி பின்னாலிருந்து ஆடத் தொடங்கலாம். மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குறுகிய குழியில் அது நடக்காது. முன்னால் போனவர்கள் குழியில் பந்தைப் போட்டு விலகும் வரை பின்னால் வந்தவர்கள் மட்டையைத் தொட முடியாது. அது ஒரே ஒரு கவுண்டர் உள்ள டிக்கெட் ஆபீஸ்.

எட்டு நிமிடத்துக்கு ஒரு கோஷ்டி வீதம் அனுப்புகிறார்கள் என்று கொள்வோம். குறுகிய குழியை முடிக்க ஒவ்வொரு கோஷ்டிக்கும் பத்து நிமிடம் ஆனால், இரண்டாவது கோஷ்டி அங்கே இரண்டு நிமிடம் நிற்கும். பத்தாவது கோஷ்டி 18 நிமிடம் நிற்கும். இருபதாவது கோஷ்டி 38 நிமிடம். அந்த இருபதாவது கோஷ்டியில் உலகத்திலேயே வேகமான ஆட்டக்காரர் இருந்தாலும் பயனில்லை. நிறையப் பேரை உள்ளே விட்டால் நிறைய வருமானம் என்று எண்ணிக் கோஷ்டிகளை நெருக்கமாக அனுப்பும் நிர்வாகமும் இதில் பங்காளிதான்.

நட்சத்திரங்களும் தப்பவில்லை

மெதுவாக ஆடியதற்காகத் தண்டனை பெற்றவர்களில் மிகப் பெரிய பெயர்களும் உண்டு. ஜாக் நிக்லசுக்கு 1962-ல் போர்ட்லண்ட் ஓபன் போட்டியில் இரண்டு அடி தண்டனை விதித்தார்கள். மனிதர் அதையும் சுமந்து அந்தப் போட்டியை வென்றார். 2013-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் சீனாவின் குவான் டியான்லாங் என்ற 14 வயதுப் பையனுக்கு இதே குற்றத்துக்காக ஓர் அடி தண்டனை கிடைத்தது. அவனும் தாக்குப்பிடித்து அடுத்த சுற்றுகளுக்குத் தகுதி பெற்றான்.

2018-ல் ஆஸ்திரியாவில் ஒரு போட்டி முழுவதும் ஒவ்வோர் அடிக்கும் கடிகாரம் வைத்தே ஆடினார்கள். கெடு தவறினால் ஓர் அடி தண்டனை. கடிகாரம் கண்ணெதிரே ஓடியதும் கால்களும் கைகளும் தாமாகச் சுறுசுறுப்பாயின. சுற்றுகள் விரைவாக முடிந்தன.

பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு நடுவரும் இல்லை, கடிகாரமும் இல்லை. 2019-ல் விதிகளைத் திருத்தியவர்கள் இதையும் மனதில் வைத்துத்தான் திருத்தினார்கள். காணாமல் போன பந்தைத் தேட இருந்த ஐந்து நிமிடம் மூன்று நிமிடமாயிற்று. குழியிலிருந்து கொடிக்கம்பை எடுக்காமலே பந்தை உருட்டலாம் என்றாயிற்று. ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் வேண்டாம் என்று விதிப் புத்தகம் யோசனை சொல்கிறது. தூரத்தில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்ற பழைய சம்பிரதாயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், பாதுகாப்பாக இருந்தால், தயாராக இருப்பவர் அடிக்கட்டும் என்கிறது. பின்னால் வேகமான கோஷ்டி வந்தால் ஒதுங்கி வழிவிடும்படியும் கேட்டுக்கொள்கிறது.

மற்றவை அனுபவசாலிகள் சொல்லும் எளிய வழிகள். பந்து புதரில் விழுந்தது போலிருந்தால் தேடப் போவதற்கு முன்பே இன்னொரு பந்தை அடித்துவிடலாம். மற்றவர் அடிக்கும்போதே தன் தூரத்தைக் கணித்துக்கொள்ளலாம். பையை அடுத்த குழிக்குப் போகும் வழியில் வைக்கலாம். அடிக் கணக்கை அங்கே போய் எழுதலாம். குறுகிய குழியில் முன்னால் இருப்பவர்கள் சற்று ஒதுங்கிக் கையை அசைத்து, பின்னால் நிற்பவர்களை அடிக்கச் சொல்லலாம். இவற்றில் எதற்கும் காலணா செலவில்லை.

இரண்டாவது பை

பை சுமப்பவர் ஏன் சூரியனைப் பார்க்கிறார் என்ற கேள்விக்கு இனி பதில் சொல்லிவிடலாம். அவருக்குக் கூலி மணிக் கணக்கில் இல்லை. சுற்றுக்கு இவ்வளவு என்பதுதான் வழக்கம். சுற்று நாலு மணியில் முடிந்தாலும் அதே கூலி, ஐந்தரை மணியில் முடிந்தாலும் அதே கூலி.

காலை ஆறரைக்கு முதல் பையைத் தூக்குகிறார் என்று கொள்வோம். நாலு மணி நேர ஆட்டமானால் பத்தரைக்கு இறக்கிவைத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டு, பதினொன்றரைக்கு இரண்டாவது பையைத் தூக்கலாம். மூன்றரைக்கு வேலை முடிந்துவிடும். ஐந்தரை மணி நேர ஆட்டமானால் முதல் பை இறங்கும்போதே பன்னிரண்டு. ஒரு மணிக்கு இரண்டாவது பையைத் தூக்கினால், முடிக்க மாலை ஆறரை ஆகும். மார்கழி மாதத்தில் ஆறு மணிக்கெல்லாம் பெங்களூரில் வெளிச்சம் போய்விடும். பாதி வழியில் இருட்டப் போகிற ஆட்டத்துக்கு யார் வருவார்கள்? இரண்டாவது பை அன்றைக்கு அவருக்குக் கிடைப்பது சந்தேகம்தான். பாதி நாள் கூலி அதோடு போயிற்று. வாசலில் காத்திருக்கும் டிரைவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போவதும் இந்தக் கணக்கில் சேரும்.

பை சுமப்பவர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். டில்லி கோல்ப் கிளப்பில் பை சுமந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். 1993-ல் மறுபடியும் வென்றார். எந்த அடிக்கு எவ்வளவு யோசனை போதும் என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'சீக்கிரம் அடியுங்கள் ஐயா' என்று சொல்லத்தான் வாய் வராது. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஐயா வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வாரோ என்ற பயம்.

ஆகவே சொல்ல வேண்டியவர்கள் கூட ஆடும் நண்பர்களும் கிளப் நிர்வாகமும்தான். ஓர் அடிக்குப் பதினைந்து விநாடியை மிச்சம் பிடித்தால், ஆடுகிறவர் வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேரலாம். அவருடைய பையைச் சுமந்தவர், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பைக்காக வரிசையில் போய் நிற்கலாம்.