இலையைவிடப் பச்சையான மஞ்சள்

பழைய எண்ணெய் டின், கொஞ்சம் மஞ்சள் பெயின்ட், ஒரு கரண்டி விளக்கெண்ணெய். தென்னையைப் பிடித்திருக்கும் சுருள் வெள்ளை ஈக்குப் பொறி செய்ய வேறெதுவும் வேண்டாம். தீனி வைப்பதில்லை, வாசனை கிடையாது, விசையும் கிடையாது. வெறும் நிறத்தைக் காட்டியே ஒரு பூச்சியைச் சாவுக்கு வரவழைக்க முடிகிறது என்றால், அதன் கண்ணுக்குள் என்னதான் நடக்கிறது?

முதலில் பூச்சியைப் பற்றி. இது நம் ஊர்ப் பிராணி இல்லை. நடு அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் கிடைத்த மாதிரிகளை வைத்து 2004-ல்தான் இதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். 2009-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தலைகாட்டியது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னைகளில். இப்போது வீட்டுக் கொல்லையில் நிற்கும் வாழை, கொய்யா, சப்போட்டாவிலும் பார்க்கலாம். நீளம் இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். மற்ற வெள்ளை ஈக்களைவிடப் பெரிது, ஆனால் மந்தம். இலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, மேலே வெண்மெழுகைத் தூவி வைக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டு இவை கழிக்கும் இனிப்பு நீர் கீழோலைகளில் சொட்ட, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. தோப்பே விறகடுப்பு எரிந்த அடுக்களை மாதிரி கறுத்துப்போவது இதனால்தான். மரம் செத்துவிடாது, ஆனால் கறுத்த ஓலைக்கு வெயில் சரியாகக் கிடைக்காது.

இனி மஞ்சளுக்கு வருவோம். நம் கண்ணில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு மூன்று வகை உணர்செல்கள் இருக்கின்றன. வெள்ளை ஈக்களின் கண் வேறு கணக்கு. பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் அதற்குக் கூர்மை அதிகம். நமக்குத் தெரியாத புறஊதா ஒளியும் அதற்குத் தெரியும். சிவப்போ ஏறக்குறைய இருட்டுதான். பருத்தியைத் தாக்கும் வெள்ளை ஈயை வைத்து லாரன்ஸ் மவுண்ட் என்ற பூச்சியியலாளர் 1962-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. இரண்டு வகை ஒளி அதை இழுப்பதை அவர் கண்டார். நீலமும் புறஊதாவும் ஒன்று, மஞ்சள் இன்னொன்று. முன்னது வானத்தின் ஒளி, பறந்து போகச் சொல்வது. பின்னது இலையின் ஒளி, இறங்கி உட்காரச் சொல்வது.

அப்படியானால் பச்சை டின் வைத்தால் போதாதா? இங்கேதான் வேடிக்கை. இலை நமக்குப் பச்சையாகத் தெரிந்தாலும், தன்மேல் விழும் பச்சை ஒளியில் பத்து, பதினைந்து விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. கொழுந்து கொஞ்சம் கூடுதலாக அனுப்பும். மஞ்சள் பெயின்ட் பூசிய தகடு அதே பச்சையைப் பல மடங்கு அனுப்புகிறது, நீலத்தை விழுங்கிவிடுகிறது. கூடவே அது அனுப்பும் சிவப்பு ஈயின் கண்ணுக்கு எட்டுவதில்லை. ஆக, நாம் மஞ்சள் என்று பார்ப்பது அதற்கு மகா பச்சை. உலகத்தில் எந்தச் செடியும் விடாத கொழுந்து! நிஜ இலையைத் தாண்டிப்போய்ப் பொய் இலையில் உட்காருவது அதனால்தான். பெயின்ட் வாங்கும்போது காவி கலந்த மஞ்சளைத் தவிர்த்து எலுமிச்சை மஞ்சளாகப் பார்த்து வாங்குங்கள்.

விளக்கெண்ணெய்க்கும் காரணம் உண்டு. நல்லெண்ணெய் தடவினால் வழிந்துவிடும். ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். அந்த மூலக்கூறின் நீண்ட சங்கிலி நடுவே ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கிளை இருக்கிறது. கிளைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் எண்ணெய் கெட்டியாக நின்றுவிடுகிறது. காற்றுப் பட்டு எளிதில் காய்வதும் இல்லை. தூசி படிந்தால்தான் ஒட்டாது. வாரம் ஒருமுறை பழந்துணியால் துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும்.

டின் இல்லாவிட்டால் மஞ்சள் பிளாஸ்டிக் தாள் போதும். தோப்புகளில் ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலத் தாளை ஆறடி உயரத்தில், ஏக்கருக்கு எட்டுப் பத்து என்று கட்டுகிறார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு தாராளம்.

ஆனால் இந்தப் பொறியை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒட்டுவதெல்லாம் பறக்கும் ஈக்கள்தான். முட்டையும், இலையோடு ஒட்டி உட்கார்ந்த குஞ்சும் அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய குறை, நிறத்துக்கு மயங்குவது வெள்ளை ஈ மட்டுமில்லை என்பது. அதைத் தின்ன வரும் பொறிவண்டும் ஒட்டிக்கொள்ளும், என்கார்சியா என்னும் குட்டிக் குளவியும் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 1993-ல் கேரளத்து மரவள்ளியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சுருள் வெள்ளை ஈ வந்து இறங்கியது. அதைத் தொடர்ந்து, யாரும் இறக்குமதி செய்யாமலே, இந்தக் குளவியும் நம் நாட்டில் குடியேறிவிட்டது. புது ஈ பொள்ளாச்சிக்கு வந்தபோது எதிரி முன்பே காத்திருந்தது என்பது நம் அதிர்ஷ்டம். அது வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டையிடும். அதன் புழு குஞ்சை உள்ளிருந்தே தின்று, வட்டமாகத் துளை போட்டு வெளியேறும். ஈ தானாகப் பிறந்து போன கூட்டில் வட்டத் துளை இருக்காது, கோணல் பிளவுதான்.

ஒரு லென்ஸை வைத்து ஓலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வட்டத் துளைகள் நிறையத் தெரிந்தால் பொறியைக் கழற்றி வைத்துவிடலாம். மிச்ச வேலையைக் குளவி பார்த்துக்கொள்ளும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். அது ஈக்கு முன்னால் குளவியைத்தான் கொல்லும்.